பயிற்சியாளர் மாறினால் தலைக்கவசமும் மாற வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டுதோறும் நடக்கும் பயிற்சியாளர் மாற்றங்களைப் பற்றி முன்பு ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் சம்பளத்தைப் பற்றியோ ஒப்பந்தத்தைப் பற்றியோ கேட்கவில்லை. தலைக்கவசத்தைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கிறான். அங்குள்ள கால்பந்து அணியின் பயிற்சியாளரை நீக்கிவிட்டு வேறொருவரை நியமித்திருக்கிறார்கள். புதியவர் ஹெல்மெட் வடிவமைப்பை மாற்றப் போகிறார் என்று பேச்சு எழ, மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிடுகிறார்களாம். தலையைக் காக்க அணியும் ஒரு பொருளின் மேல் ஒட்டுகிற படத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு? (வாசகி ஒருவர்)

பதில்: இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் அன்று என்பதை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடியும், எறிந்தும், எதிராளியை மோதித் தள்ளியும் ஆடப்படும் ஆட்டம் இது. ஆட்டக்காரரின் முகம் கம்பிக்குப் பின்னால் மறைந்திருக்கும். தோள்பட்டைக் கவசத்தால் எல்லாருடைய உடம்பும் ஒரே மாதிரி பெருத்துத் தெரியும். அரங்கின் உச்சி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கும் அணியின் முகமாகத் தெரிவது தலைக்கவசம் ஒன்றுதான். கல்லூரி ஆட்டக்காரர்கள் நான்கைந்து ஆண்டுகளில் போய்விடுகிறார்கள், பயிற்சியாளர்களும் போய்விடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் படித்தவரும் இன்று படிப்பவரும் சேர்ந்து உரிமை கொண்டாட மிஞ்சுவது அந்த நிறமும் படமுமே. அதில் ஒருவர் கைவைத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

புதிய பயிற்சியாளர் ஏன் முதலில் அதிலேயே கைவைக்கிறார் என்பதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. பயிற்சியாளர் மாற்றம் பெரும்பாலும் நவம்பர் கடைசியில், பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் முடிந்த கையோடு நடக்கிறது. அடுத்த பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிவிடும். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் போன்ற நிறுவனங்களுடன் பல்கலைக்கழகங்கள் பல ஆண்டு ஒப்பந்தம் போட்டிருப்பதால், ஜெர்சியையும் கால்சட்டையையும் புதிதாக வடிவமைத்து, ஒப்புதல் வாங்கி, தைத்து அனுப்ப அந்த இடைவெளி பெரும்பாலும் போதாது. தலைக்கவசமோ ரிடெல், ஷட் போன்ற வேறு நிறுவனங்களிடமிருந்து வருகிறது. அதன் மேல் இருப்பது பெயின்டும் ஸ்டிக்கரும்தான். ஸ்டிக்கரைச் சில வாரங்களில் அச்சிட்டு வாங்கிவிடலாம், ஒரே இரவில் ஒட்டிவிடலாம். பழைய காலம் முடிந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்க, ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்னால், புதியவரிடம் இருக்கும் மலிவான வழி அது.

ஆனால் வடிவமைப்பின் ஆயுளை அதைக் கொண்டுவந்தவர் தீர்மானிப்பதில்லை. அவருக்குப் பின்னால் வருகிறவர்தான் தீர்மானிக்கிறார் என்பது என் கருத்து. கீழே வரும் பதில்களில் இதையே வெவ்வேறு பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

கேள்வி: இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் யார்? (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: முதல் ஆள் இன்னார் என்று அடித்துச் சொல்வது கடினம், ஆனால் மிகவும் பேசப்படும் உதாரணம் மிச்சிகன் பல்கலைக்கழகம். ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் 1938-ல் பிரின்ஸ்டனை விட்டு மிச்சிகனுக்குப் பயிற்சியாளராக வந்தபோது, ஹாரி கிப்கியின் கீழ் அந்த அணி சில பருவங்களாகத் தடுமாறிக்கொண்டிருந்தது. தலைக்கவசமும் எந்த அலங்காரமும் இல்லாத கறுப்புத் தோல் தொப்பியாக இருந்தது. அந்தக் காலத்துத் தோல் கவசங்களில் நெற்றிப் பக்கம் கூடுதல் பாதுகாப்புக்காக இறக்கை வடிவில் ஒரு தோல்பட்டை வைத்துத் தைத்திருப்பார்கள். உச்சியிலிருந்து பின்னோக்கிச் சில பட்டைகள் ஓடும். ஸ்பால்டிங் நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலிலேயே அந்த மாதிரி இருந்தது. கிரிஸ்லர் புதிதாக எதையும் தைக்கவில்லை. இருந்த இறக்கைக்கும் பட்டைகளுக்கும் மக்காச்சோள மஞ்சள் பூசி, மற்ற இடமெல்லாம் நீலமாக்கினார், அவ்வளவுதான். பிரின்ஸ்டனில் 1935-லேயே அவர் இதே வடிவத்துக்கு வண்ணம் பூசிப் பார்த்திருந்தார்.

அழகுக்காகச் செய்யவில்லை என்பது அவர் சொன்ன விளக்கம். பந்தை எறிகிறவர் ஓடுகிற கூட்டத்துக்கு நடுவே தன் ஆளை ஒரே பார்வையில் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாத் தலையும் கறுப்பாக இருந்தால் எதிராளியின் கையில் பந்து போய்ச் சேரும் என்றார். இந்த விளக்கத்தை நான் பாதிதான் ஏற்கிறேன். அந்த 1938 பருவத்தின் முதல் ஆட்டத்தில் மிச்சிகன் ஸ்டேட் அணியை 14–0 என்று வென்றது உண்மை. ஆனால் அதே பருவத்தில்தான் டாம் ஹார்மன் மிச்சிகனுக்காக முதன்முதலாகக் களம் இறங்கினார். 1940-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்ற அந்த மனிதரின் தலையில் மஞ்சள் இறக்கை இல்லாமல் இருந்தாலும் மிச்சிகன் முன்னேறியிருக்கும்.

கிரிஸ்லர் 1947 பருவத்தோடு பயிற்சியிலிருந்து விலகினார். தோல் போய்ப் பிளாஸ்டிக் ஓடு வந்தது. நெற்றியில் தனிப்பட்டை தைக்கும் தேவையே இல்லாமல் போனது. இறக்கைக்கு இருந்த ஒரே தொழில்நுட்பக் காரணமும் மறைந்த பின்பு, பின்னால் வந்த ஒவ்வொரு பயிற்சியாளரும் அதை வழுவழுப்பான ஓட்டின் மேல் வண்ணமாக வைத்துக்கொண்டார்கள். போ ஷெம்பெக்ளர் 1969-ல் வந்து அணியின் பழக்கவழக்கங்களை எல்லாம் புரட்டிப் போட்டார், இறக்கையைத் தொடவில்லை.

கேள்வி: யாரும் எப்படியும் மாற்றலாமா, விதி எதுவும் கிடையாதா?

பதில்: உண்டு. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி ஓர் அணியின் ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஒரே நிறமும் ஒரே வடிவமைப்பும் கொண்ட தலைக்கவசம் அணிய வேண்டும். தலைக்கவசம் அணிவதே 1939-ல்தான் கல்லூரிகளில் கட்டாயமானது. பிறகு 1969-ல் தொடங்கப்பட்டு, நாக்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தர நிர்ணய அமைப்பு 1973-ல் கால்பந்துத் தலைக்கவசங்களுக்குத் தரம் வகுத்தது. 1978 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் அந்தச் சான்று பெற்ற கவசத்தைத்தான் அணிய முடியும்.

புதிய பயிற்சியாளர்களின் உற்சாகம் முட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். இன்றைய ஓடுகள் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பொருந்தாத பெயின்டும் கரைப்பானும் பட்டால் அந்தப் பிளாஸ்டிக் வலுவிழக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளே ஓடும். ஆகவே ஓட்டின் நிறத்தையே மாற்ற விரும்பினால், தயாரித்த நிறுவனமோ அது ஒப்புக்கொண்ட நிலையமோ செய்ய வேண்டும். பருவம் முடிந்ததும் கவசங்களைச் சோதனைக்கும் புதுப்பிப்புக்கும் அனுப்புவது வழக்கம் என்பதால் அந்த நேரத்திலேயே சொல்லிவிடுகிறவர் தப்பித்தார்.

ஸ்டிக்கர் மாற்றுவது அணியின் உடை, கவசங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களின் வேலை. சூடான காற்றைக் காட்டிப் பழைய ஸ்டிக்கரை இளக்கி உரிப்பார்கள், பசையைத் துடைத்தெடுப்பார்கள், காதுத் துளையையும் பக்கத்துத் திருகுகளையும் அடையாளமாக வைத்துப் புதியதை ஒட்டுவார்கள். ஓடு எல்லாப் பக்கமும் வளைந்திருப்பதால் தட்டையான ஸ்டிக்கர் ஓரங்களில் சுருங்கும். அதற்காக ஆங்காங்கே மெல்லிய கீற்றுகளை வெட்டியே அச்சிடுகிறார்கள். ஒரு பக்கத்தில் ஒரு விரற்கடை மேலே ஏறிவிட்டால் தொலைக்காட்சியில் பளிச்சென்று தெரியும். நூற்றுக்கும் மேற்பட்ட கவசங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். பயிற்சியாளர் அறையில் ஐந்து நிமிடத்தில் எடுக்கப்படும் முடிவு இவர்களின் பல நாள் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

கேள்வி: ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைக்கவசத்தில் உள்ள 'ஜி' எழுத்தும் கிரீன் பே பேக்கர்ஸ் என்னும் தொழில்முறை அணியின் 'ஜி' எழுத்தும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. இது திருட்டு இல்லையா? (வடிவமைப்பாளர் ஒருவர்)

பதில்: திருட்டு இல்லை, கேட்டு வாங்கியது. வின்ஸ் டூலி ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 31. முந்தைய சில பருவங்கள் சரியாக அமையவில்லை. முன்னாள் பயிற்சியாளர் வாலி பட்ஸ் காலத்திலிருந்து வந்த வெள்ளி நிறக் கவசமும் வெள்ளி நிறக் கால்சட்டையும் பழம்பெருமையின் அடையாளங்களாக இருந்தன. 1964-ல் முதல் பருவத்தைத் தொடங்கும் முன் டூலி இரண்டையும் மாற்றினார். கவசம் சிவப்பானது. பக்கவாட்டில் என்ன வரைவது என்ற கேள்வி வந்தபோது, உதவிப் பயிற்சியாளர் ஜான் டொனால்ட்சன் வரைகலை படித்த தம் மனைவி ஆன் டொனால்ட்சனின் பெயரைச் சொல்ல, வெள்ளை நீள்வட்டத்துக்குள் கறுப்பு 'ஜி' வரைந்து கொடுத்தவர் அவர்தான். பேக்கர்ஸ் அணி 1961-லேயே நீள்வட்டத்துக்குள் 'ஜி' வைத்திருந்ததால், டூலி அவர்களிடம் முறையாக அனுமதி கேட்டார், கிடைத்தது. நிறங்கள் வேறு, எழுத்தின் வளைவும் சற்று வேறு.

இதில் எனக்குப் பிடித்த பகுதி கால்சட்டையின் கதை. டூலி அந்த வெள்ளி நிறத்தை எடுத்துவிட்டு வெள்ளை கொண்டுவந்தார். ரசிகர்கள் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 1980-ல் அவரே வெள்ளி நிறக் கால்சட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்தப் பருவத்தில்தான் ஜார்ஜியா தேசியப் பட்டம் வென்றது. ஆக, ஒரே மனிதர் ஒரே ஆண்டில் செய்த இரண்டு மாற்றங்களில் ஒன்று நிலைத்தது, மற்றொன்றை அவரே விழுங்க வேண்டியிருந்தது. 201 வெற்றிகளோடு 1988-ல் டூலி ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ரே கோஃப், ஜிம் டொனன், மார்க் ரிக்ட், இப்போது இருக்கும் கர்பி ஸ்மார்ட் ஆகிய நால்வரில் ஒருவரும் அந்த 'ஜி'யை அகற்றவில்லை.

அதே 1964-ல் பக்கத்து மாநிலமான டென்னசியில் டக் டிக்கி புதிய பயிற்சியாளராக வந்து, வெள்ளைக் கவசத்தில் ஆரஞ்சு நிற 'டி' எழுத்தை ஒட்டினார். மைதானத்தின் இரு முனைகளிலும் சதுரங்கக் கட்டம் வரையச் செய்ததும் அவர்தான்.

கேட்டு வாங்கியதில் இன்னும் துணிச்சலானவர் ஹைடன் ஃபிரை. 1979-ல் அவர் வட டெக்சாஸிலிருந்து அயோவா வந்தபோது, அந்த அணி 1961-க்குப் பிறகு தோல்வியைவிட வெற்றி கூடுதலாக இருந்த ஒரு பருவத்தைக்கூடக் கண்டதில்லை. அயோவாவின் நிறம் கறுப்பும் பொன்னும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்னும் தொழில்முறை அணிக்கும் அதே நிறங்கள். ஸ்டீலர்ஸ் அந்த ஆண்டு ஜனவரியில்தான் தொழில்முறை அணிகளின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை வென்றிருந்தார்கள். வெற்றியாளர்கள்போல ஆட வேண்டுமென்றால் முதலில் வெற்றியாளர்கள்போலத் தோன்ற வேண்டும் என்று கருதிய ஃபிரை, அவர்களின் உடையை அப்படியே பயன்படுத்த அனுமதி கேட்டு வாங்கினார். கவசத்தின் பக்கவாட்டுக்கு மட்டும் டைகர்ஹாக் என்ற பருந்துத் தலை இலச்சினை புதிதாக வரையப்பட்டது. 1981 பருவத்தில் அயோவா ரோஸ் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது (பருவம் முடிந்தபின் நன்றாக ஆடிய கல்லூரி அணிகளுக்கு நடத்தும் சிறப்பு ஆட்டங்களைப் பவுல் என்பார்கள்). அங்கே வாஷிங்டனிடம் 28–0 என்று தோற்றது வேறு விஷயம்.

கேள்வி: அப்படியானால் புதிய ஹெல்மெட் வெற்றியைக் கொண்டுவரும் என்று நம்பலாமா?

பதில்: நம்ப விரும்புகிறவர்கள் கேன்சஸ் ஸ்டேட்டைக் காட்டுவார்கள். ஃபிரையின் உதவியாளராக இருந்த பில் ஸ்னைடர் 1989-ல் அங்கே போனபோது, அந்த அணி 1986 அக்டோபருக்குப் பிறகு ஓர் ஆட்டத்தில்கூட வென்றிருக்கவில்லை. அயோவாவில் பார்த்த பாடத்தை அவர் மறக்கவில்லை: பழைய அடையாளத்தை அகற்றச் சொன்னார். அதே பல்கலைக்கழகத்தின் ஓவியப் பேராசிரியர் டாம் புக்வால்டர், பவர்கேட் எனப்படும் காட்டுப்பூனைத் தலையைச் சில கோடுகளில் வரைந்து கொடுத்தார். அந்த முதல் பருவத்தில் அவர்கள் வென்றது ஒரே ஒரு ஆட்டம். படத்துக்குச் சக்தி இருந்திருந்தால் இன்னும் நாலு வென்றிருக்க வேண்டும். ஸ்னைடர் பல ஆண்டுகள் ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, மெல்ல மெல்ல அணியைத் தூக்கி நிறுத்திய பிறகுதான் அந்தப் பூனைக்கு மதிப்பு வந்தது. 2005-ல் விலகிய அவர் 2009-ல் மறுபடி அழைக்கப்பட்டு 2018 வரை இருந்தார். அவருக்குப் பின் வந்தவரும் பூனையை அகற்றவில்லை.

மறுபக்கத்துக்கு மேரிலாண்ட். 2010 பருவத்தில் ஒன்பது ஆட்டங்களை வென்று கொடுத்த ரால்ஃப் ஃபிரீட்ஜனை நீக்கிவிட்டு ராண்டி எட்சலைக் கொண்டுவந்தார்கள். அண்டர் ஆர்மர் நிறுவனத்தை நிறுவிய கெவின் பிளாங்க் அந்தப் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடியவர். 2011 செப்டம்பரில் மயாமிக்கு எதிரான முதல் ஆட்டத்தில், மாநிலக் கொடியையே உரித்து ஒட்டியதுபோல ஒரு தலைக்கவசத்தோடு அணி களம் இறங்கியது: ஒரு பாதியில் கறுப்பும் பொன்னும், மறுபாதியில் சிவப்பும் வெள்ளையுமான சிலுவை. நாடு முழுவதும் அன்றிரவு அதைப் பற்றித்தான் பேசியது. சிலர் கண் கூசுகிறது என்றார்கள், சிலர் இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்றார்கள். மேரிலாண்ட் 32–24 என்று வென்றது. அதன் பிறகு அந்தப் பருவம் முழுவதிலும் இன்னும் ஒரே ஒரு ஆட்டத்தைத்தான் வென்றது. கணக்கு 2 வெற்றி, 10 தோல்வி.

ஆனால் தோற்றால் வடிவமைப்பும் செத்துவிடும் என்றும் முடிவு கட்டக் கூடாது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் முப்பது பருவங்கள் பயிற்சியளித்த ஃபிராங்க் ஹவர்ட் விலகி, ஹூட்டி இங்ரம் வந்த 1970-லேயே புலிப்பாத இலச்சினையும் வந்தது. அதைக் கேட்டது பயிற்சியாளர் அல்லர், பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் எட்வர்ட்ஸ். விளம்பர நிறுவனம் ஒன்று, எல்லாரும் வரையும் புலி முகத்தை விட்டுவிட்டு, சிகாகோ அருங்காட்சியகத்திலிருந்து ஒரு வங்கப் புலியின் பாத அச்சை வரவழைத்து அதைச் சற்றே சாய்த்து வைத்தது. பாதத்தின் அடிப்பக்கம் கொக்கிபோல ஒரு சிறு வளைவு தெரியும்; அந்தப் புலிக்கு இருந்த தழும்பு அது. இங்ரம் மூன்று பருவங்களில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்டு வெளியேறினார். பாதம் தங்கிவிட்டது. 1981-ல் டேனி ஃபோர்டின் அணி தேசியப் பட்டம் வென்றபோது அதே பாதம்தான் எல்லாருடைய தலையிலும் இருந்தது. பயிற்சியாளரின் பெயரோடு ஒட்டாமல் பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்த இலச்சினை, பயிற்சியாளரின் தோல்வியையும் பங்கு போட்டுக்கொள்வதில்லை போலும்.

கேள்வி: பயிற்சியாளர் எத்தனை முறை மாறினாலும் கைவைக்காத அணிகள் உண்டா?

பதில்: அலபாமாவின் கருஞ்சிவப்புக் கவசமும் அதன் பக்கத்தில் ஆட்டக்காரரின் வெள்ளை எண்ணும் அப்படிப்பட்டவை. நிக் சேபன் 2024 ஜனவரியில் ஓய்வு பெற, கேலன் டிபோர் வந்தார். கவசத்தைப் பற்றிய பேச்சே எழவில்லை.

பென் ஸ்டேட் இன்னும் நுட்பமான உதாரணம். வெள்ளைக் கவசம், நடுவே ஒற்றை நீலக் கோடு. வேறு எதுவும் இல்லை. 1966 முதல் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டேர்னோ 2011-ல், முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஒருவரின் சிறார் பாலியல் வன்கொடுமை விவகாரத்துக்கு நடுவே நீக்கப்பட்டார். அடுத்து வந்த பில் ஓ'பிரையன் எதையாவது மாற்றியே ஆக வேண்டிய நிலையில் இருந்தார். ஜெர்சியின் முதுகில் அதுவரை இல்லாத ஆட்டக்காரர் பெயரை 2012-ல் பொறித்தார், துயரமான அந்த நேரத்தில் அணியை விட்டுப் போகாமல் நின்றவர்களுக்கான மரியாதையாக. கவசத்தை விட்டுவிட்டார். அவருக்குப் பின் வந்த ஜேம்ஸ் ஃபிராங்க்ளின் 2015-ல் அந்தப் பெயர்களையும் எடுத்துவிட்டார். அலங்காரம் எதுவும் இல்லாததையே அடையாளமாகக் கொண்ட அணியில் ஒன்றைச் சேர்ப்பது, மற்ற அணிகளில் முழுவதையும் மாற்றுவதற்குச் சமம்.

கேள்வி: ஒஹையோ ஸ்டேட் ஆட்டக்காரர்களின் கவசத்தில் ஒட்டப்படும் இலை ஸ்டிக்கர்களைப் பற்றி?

பதில்: நன்றாக ஆடியவருக்குப் பரிசாக ஒட்டப்படும் பக்கை மர இலைகள் அவை. வுடி ஹேஸ் 1951 முதல் பயிற்சியாளராக இருந்தவர். இந்த வழக்கத்தை 1968-ல் கொண்டுவந்தார், அந்தப் பருவத்தில் தேசியப் பட்டமும் வந்தது. 1978 டிசம்பரில் கேட்டர் பவுல் ஆட்டத்தின்போது எதிரணி ஆட்டக்காரரைக் குத்தியதற்காக அவர் நீக்கப்பட்டார். மனிதரைத் தூக்கி எறிந்தவர்கள் இலையை எறியவில்லை. பின்னால் வந்தவர்கள் யாருக்கு, எதற்காகக் கொடுப்பது என்ற கணக்கைத்தான் மாற்றினார்கள். 2001-ல் வந்த ஜிம் டிரெஸல் தனிமனிதச் சாகசத்தைவிட அணியாகச் செய்ததற்கே அதிகம் இலை கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறவில்லை, உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் மாறிவிட்டது. புதிய பயிற்சியாளர் ஒருவருக்கு நான் பரிந்துரைப்பதானால் இந்த வழியைத்தான் சொல்வேன்.

கேள்வி: பருவத்தின் நடுவில் பயிற்சியாளர் இல்லாமல் போனால் என்ன செய்வார்கள்?

பதில்: இடைக்காலப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் எதையும் தொடுவதில்லை. துயரம் நேர்ந்தால் மட்டும் விதிவிலக்கு. மிசிசிப்பி ஸ்டேட்டின் மைக் லீச் 2022 டிசம்பரில் திடீரென்று காலமானார். கடற்கொள்ளையர் வரலாற்றில் அவருக்கு இருந்த மோகம் ஊரறிந்தது. 2023 ஜனவரி 2-ல் இல்லினாய்க்கு எதிரான பவுல் ஆட்டத்தில், பொறுப்பேற்ற ஜாக் ஆர்னெட்டின் அணி, கொள்ளையர் கொடியைத் தலைக்கவசத்தில் தாங்கி ஆடி 19–10 என்று வென்றது.

ஒட்டுவதற்குப் பதிலாக உரித்ததும் உண்டு. 1991 நவம்பர் 1-ல் அயோவா வளாகத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாளே ஒஹையோ ஸ்டேட்டுடன் ஆட்டம். ஹைடன் ஃபிரையின் ஆட்கள் தாங்கள் அவ்வளவு பெருமையாகக் கொண்டுவந்த பருந்தை உரித்துவிட்டு, வெறும் கறுப்புக் கவசத்தோடு ஆடினார்கள்.

கேள்வி: புதிய வடிவமைப்பு பிடிக்காத பழைய மாணவர்களால் எதுவும் செய்ய முடியுமா? (அமெரிக்காவில் படித்துத் திரும்பிய வாசகர்)

பதில்: முடியும், ஆனால் பொறுமை வேண்டும். இலச்சினை பதித்த சட்டைகளும் தொப்பிகளும் விற்கும்போது பல்கலைக்கழகத்துக்கு உரிமத் தொகை வருகிறது. பழையதைத்தான் வாங்குவோம் என்று முன்னாள் மாணவர்கள் பிடிவாதமாக இருந்தால் விளையாட்டுத் துறை இயக்குநரின் காதில் அது விழாமல் போகாது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1973-ல் ஜானி மேஜர்ஸ் அங்கே பயிற்சியாளராக வந்தபோது, கவசத்தில் 'பிட்' என்ற பெயர் கையெழுத்துபோலச் சாய்ந்த எழுத்தில் வந்தது. 1976-ல் டோனி டோர்செட் என்ற நட்சத்திர ஆட்டக்காரரை வைத்துக்கொண்டு தேசியப் பட்டம் வென்ற கையோடு மேஜர்ஸ் தாம் படித்த டென்னசிக்குப் போய்விட்டார். அங்கே டக் டிக்கி விட்டுச்சென்ற 'டி' எழுத்தின் வடிவத்தையும் அவர் வந்த பிறகு திருத்தி வரைந்தார்கள். 1993-ல் அவர் பிட்ஸ்பர்க்குக்கே திரும்பி வந்து நான்கு பருவங்கள் இருந்தார். அவர் விலகி வால்ட் ஹாரிஸ் வந்த 1997-ல், புதிய நிர்வாகம் கையெழுத்து எழுத்தை எடுத்துவிட்டு, சிறுத்தைத் தலையும் அடர்ந்த நிறங்களும் கொண்டுவந்தது. முன்னாள் மாணவர்கள் விடவில்லை. அதன் பிறகு பல பயிற்சியாளர்கள் வந்து போன பின்பு, 2014-ல் பழைய எழுத்து ஒரு நினைவு ஆட்டத்துக்கென்று எட்டிப் பார்த்தது. பேட் நார்டூசியின் காலத்தில், 2016-ல், நிரந்தரமாகத் திரும்பியது. பழைய பளிச்சென்ற நீலமும் மஞ்சளும் வந்து சேர இன்னும் மூன்று ஆண்டுகள் பிடித்தன.